ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வாங்க சார்

காட்டூரில் என் மகள் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களிடம் அனுபவம் எழுதி வாங்கிப் போடுவது இந்த வருடத்து ஏற்பாடு. ஒரு பையனின் தாத்தா ரயில் ஓட்டியவர். இன்னொரு பெண்ணின் பெரியப்பா தபால்காரர். என் மகள், "எங்கப்பாகிட்டயும் கேக்கலாம், ஸ்ரீரங்கத்துல கார் பார்க்கிங்ல வேலை பாத்தாங்க" என்று சொல்லியிருக்கிறாள். உடனே ஒரு பெண் எழுந்து, "மிஸ், காரைத் தள்ளி விடுறதுல என்ன மிஸ் அனுபவம்?" என்று கேட்டாளாம். வகுப்பே சிரித்ததாம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது என் மகளும் சிரித்தாள்.

சிரியுங்கள் பிள்ளைகளே. சிரித்து முடித்துவிட்டு இதைப் படியுங்கள். நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் உங்கள் மிஸ் திருத்திவிடுவாள். விஷயத்தில் பிழை இருக்காது.

ஆமாம், நான் கார் தள்ளினேன். இருபது வருடத்துக்கு மேல் தள்ளினேன். கடைசியில் எனக்கு யாரும் மாலை போட்டு வழியனுப்பவில்லை. முழங்கால் இரண்டும் சேர்ந்துதான் ஓய்வு கொடுத்தன.

நான் உறையூரில் பிறந்தவன். முதலில் மலைக்கோட்டைப் பக்கம் ஒரு ஜவுளிக்கடை வாசலில் சைக்கிளுக்கு டோக்கன் கொடுத்தேன். சைக்கிள் போய் ஸ்கூட்டர் வந்தது, ஸ்கூட்டருக்குப் பின்னால் கார் வந்தது. கார் நிறுத்த அந்தக் கடையில் இடமில்லை, அதனால் எனக்கும் வேலை இல்லை. தெரிந்தவர் ஒருவர் ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பினார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டி வேலைக்குப் போக ஆரம்பித்தேன்.

சித்திரை வீதிக்கும் அடையவளஞ்சான் வீதிக்கும் நடுவே ஒரு சந்து. அந்தச் சந்தில் ஒரு காலி மனை. கோயிலுக்கு வருகிறவர்கள் காரை அங்கே விட்டுவிட்டு நடந்து போவார்கள். மனை சின்னது, வருகிற கார்கள் அதிகம். அதனால் நாங்கள் காரை ஒன்றன் பின் ஒன்றாக மூன்று வரிசை நெருக்கி நிறுத்துவோம். பின்வரிசைக் கார் வெளியே போக வேண்டுமென்றால் முன்னால் நிற்கிற இரண்டையும் நகர்த்தியாக வேண்டும். அவற்றின் சொந்தக்காரர்களோ கோயிலுக்குள் வரிசையில் நிற்பார்கள். சாவி அவர்கள் இடுப்பில் இருக்கும்.

எப்படி நகர்த்துவது? இங்கேதான் எங்கள் தொழில் வருகிறது. கார் உள்ளே வந்ததும் மூன்று காரியம் சொல்லுவோம். "ஸ்டியரிங்கை நேரா வைங்க சார். கியரை நியூட்ரல்ல விடுங்க. ஹேண்ட் பிரேக் போடாதீங்க." பிறகு சக்கரத்துக்கு ஒரு கல் கொடுப்போம். சொந்தக்காரர் போகும் முன்பே ஒருமுறை லேசாகத் தள்ளிப் பார்த்துக்கொள்வோம். அப்புறம் எப்போது வேண்டுமானாலும் கல்லை எடுத்துவிட்டு இரண்டு பேர் தள்ளினால் கார் தானாக நகரும். தள்ளுவதிலும் முறை உண்டு. டிக்கியின் நடுவில் கை வைத்தால் தகரம் உள்வாங்கிவிடும். ஓரத்தில், விளக்குக்கு மேலே, கெட்டியான இடத்தில்தான் உள்ளங்கையைப் பதிக்க வேண்டும். எதிர்ப்பக்கம் நிற்கிறவன், "வரட்டும், வரட்டும், வரட்டும், ஆங்" என்பான். அந்த "ஆங்"குக்கு முன்பே கல் விழுந்திருக்க வேண்டும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கார் நகர்ந்தது, ஆனால் இஞ்சின் ஒருமுறைகூட உறுமவில்லை. பெட்ரோல் செலவில்லை, புகை இல்லை. ஊரிலேயே புகை விடாமல் கார் ஓட்டியவர்கள் நாங்கள்தான். அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு இது என் முதல் பதில்.

எங்கள் சூப்பர்வைசர் கோபால்சாமி சார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. வெள்ளைச் சட்டைக் காலரில் கைக்குட்டையை மடித்துச் செருகியிருப்பார். திட்டும்போதும் "ங்க" போட்டுத்தான் திட்டுவார். நாம் ஏதாவது சொன்னால் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்படிங்களா" என்பார். அந்த "அப்படிங்களா"வுக்குப் பிறகு வேலையில் நீடித்தவர்கள் குறைவு. தொழில் தெரிந்த மனிதர், அதையும் சொல்ல வேண்டும். "கார்க்காரர் முகத்தைப் பாக்காதீங்க மாணிக்கம். முன்சக்கரத்தைப் பாருங்க. எங்க போகப் போறார்னு அவருக்குத் தெரியறதுக்கு முன்னாடி சக்கரத்துக்குத் தெரியும்" என்பார். அது உண்மைதான்.

அவர் எங்களுக்குப் போட்ட முதல் சட்டம் வேறு. "'இல்லை'ங்கற வார்த்தை நம்ம வாயில வரக்கூடாதுங்க. வர்றவங்க கோயிலுக்கு வர்றவங்க. மனை நிறைஞ்சிருந்தா, 'ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வாங்க சார், இதோ ஒண்ணு கிளம்பப் போகுது'ன்னு சொல்லுங்க."

ஏனென்றால் "இல்லை" என்று சொன்னால் அந்தக் கார் வேறு மனைக்குப் போய்விடும். அடுத்த முறை நேரே அங்கேயே போகும். ஆகவே எது கிளம்பப் போகிறதோ இல்லையோ, ஒரு ரவுண்டு.

ஸ்ரீரங்கத்தில் ஒரு ரவுண்டு என்றால் என்ன என்று உங்களில் போனவர்களுக்குத் தெரியும். கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகள். கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று நாலு பக்கமும் சுற்றினால்தான் கிளம்பிய இடத்துக்கு வர முடியும். முன்னால் ஆட்டோ, அதற்கு முன்னால் மாடு, அதற்கும் முன்னால் வெளியூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டம். முதல் கியரிலேயே ஊர்ந்து வர வேண்டும். சுற்றி வந்து பார்த்தால் இடம் இருக்காது. "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு சார்" என்போம். சிலர் சுற்றச் சலித்துக்கொண்டு வாசலிலேயே இஞ்சினை ஓடவிட்டபடி நிற்பார்கள்.

மனையின் வாசலை ஒட்டிய மூலையில் வசந்தா அக்கா பூ விற்றார். தரையில் சாக்கை விரித்து, முன்னால் கூடையை வைத்து, காலையிலிருந்து இருட்டும்வரை கட்டிக்கொண்டே இருப்பார். வாயும் ஓயாது. சுற்றி வருகிற கார்களை அவர்தான் எனக்கு அடையாளம் காட்டுவார்.

"மாணிக்கம், உன் சேலத்து வண்டி மூணாவது சுத்து வருது பாரு."

"அவருக்கு நேரம் சரியில்லைக்கா."

"உள்ள படுத்திருக்கிற பெருமாளை ஒரு சுத்துதான் சுத்துதுங்க. உங்க கோபால்சாமி மனையை மூணு சுத்து. எது பெரிய சாமின்னு நீயே சொல்லு."

அன்வர் என்று என்னோடு வேலை பார்த்தவர், பாலக்கரைக்காரர். "ஏன்க்கா, எங்க வாசல்லயும் ஒரு உண்டியல் வச்சுடலாமா?" என்பார். அக்கா சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். இருமல் வந்தால் நிற்காது.

பூ வாடாமல் இருக்க அக்கா கூடையின் மேல் ஈரத் துணி போட்டு மூடுவார். வெள்ளை வேட்டித் துணி. சாயங்காலம் அதை ஒரு டப்பா தண்ணீரில் அலசிப் பிழிவார். தண்ணீர் அடுப்புக்கரி கரைத்த மாதிரி வரும். நான் அதைத் தினமும் பார்த்தேன், பார்த்தும் ஒன்றும் நினைக்கவில்லை. தெரு என்றால் புழுதி இருக்கும்தானே? ஒரு வருடம் சித்திரைத் தேர் அன்று சந்துக்குள் கார் எதையும் விடவில்லை. எங்களுக்கு வேலை இல்லை, ஆனாலும் தேர் பார்க்க வந்திருந்தேன். ஜனம் நெரிந்தது, கால் புழுதி ஆள் உயரத்துக்கு எழும்பியது. சாயங்காலம் அக்கா துணியை அலசினார். தண்ணீர் மண் நிறத்தில் வந்தது. கறுப்பு இல்லை. அக்கா டப்பாவை என் பக்கம் நகர்த்திக் காட்டினார்.

வெயில் ஏறிவிட்டது, மழை தப்பிவிட்டது, புகை வானத்தைக் கெடுக்கிறது என்றெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கும். அந்தப் படிப்பு எனக்கு இல்லை. எனக்குத் தெரிந்தது அந்தத் துணி. ஊருக்கு வந்து சேர்கிற புகை ஒன்று. வந்து சேர்ந்த பிறகு, நிறுத்த இடம் தேடிச் சும்மா சுற்றுகிற புகை ஒன்று. முதல் புகையில் ஒரு மனிதர் கோயிலுக்கு வந்தார் என்றாவது சொல்லலாம். இரண்டாவது புகையால் ஒருவரும் எங்கேயும் போய்ச் சேரவில்லை.

அந்தப் புகை யாருக்குப் போகிறது தெரியுமா? கார் ஓட்டுகிறவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டுக்கொள்கிறார். நடந்து போகிறவர் மூக்கு ஆள் உயரத்தில் இருக்கிறது. சைலன்சர் குழாய் இருப்பது முழங்காலுக்குக் கீழே. தரையில் உட்கார்ந்திருக்கிற பூக்காரியின் மூக்குக்கு அது கிட்டத்தட்ட நேர் எதிரே. கை பிடித்து நடக்கிற வயதில் உங்கள் மூக்கும் அதற்குப் பக்கத்தில்தான்.

ஒரு ஆடி மாதம் அக்கா நாலைந்து நாள் கடைக்கு வரவில்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தார்.

"என்னக்கா சொன்னாங்க?"

"மூச்சுக்குழாய் சுருங்கிப் போச்சாம். வாயில வச்சு இழுக்க ஒரு பம்ப் குடுத்திருக்காங்க. அந்த எடத்தை விட்டு எந்திரிச்சிரும்மா, இல்லேன்னா மருந்து கேக்காதுங்கறாரு டாக்டரு."

"எந்திரிச்சிடுங்களேன்க்கா. வடக்கு வாசல் பக்கம் பாருங்க."

"அங்க எனக்கு எவன் எடம் புடிச்சு வச்சிருக்கான்? என் வாடிக்கை எல்லாம் இங்க. நான் இந்த மூலையில உக்காந்தப்ப இந்த மனையில எருமை கட்டிக்கெடந்துச்சு. நான் முன்னால வந்தேனா, காரு முன்னால வந்துச்சா? நான் ஏன்யா எந்திரிக்கணும்? புகை எந்திரிச்சுப் போகட்டும்."

எனக்கு அன்றைக்கு பஸ்ஸில் போகும்போதெல்லாம் இதே நினைப்பு. புகை எந்திரிச்சுப் போகட்டும். அதை எழுப்பி அனுப்பக்கூடியவர் யார்? "ஒரு ரவுண்டு" என்று சொல்லுகிற வாய்தான். மறுநாள் கோபால்சாமி சாரிடம் போனேன்.

"சார், எடமில்லாதப்ப இல்லைன்னு சொல்லிடலாம் சார். தெருமுனையிலயே சொல்லிட்டா வண்டி உள்ளயே வராது. கொள்ளிடக்கரைப் பக்கம் திடல் காலியாத்தான் கெடக்கு, அங்க போட்டுட்டு நடந்து வரட்டும். பூக்காரம்மாவுக்கு மூச்சே விட முடியலை."

கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பச் செருகினார். "பூக்காரம்மா நம்ம ஸ்டாஃபுங்களா?"

"இல்ல சார்."

"அப்ப அவங்க மூச்சுக்கு நாம எப்படிங்க பொறுப்பு?"

நான் வாசலுக்குத் திரும்பி வந்துவிட்டேன். அவருக்குப் பதில் சொல்ல வாய் வந்தது புரட்டாசியில்.

புரட்டாசிச் சனிக்கிழமை ஸ்ரீரங்கம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காலையிலேயே மனை நிறைந்துவிட்டது. கோபால்சாமி சார் ஏதோ வேலையாக வடக்கு வாசல் பக்கம் போயிருந்தார். முன்வரிசையில், வாசலை அடைத்தாற்போல் ஒரு சின்ன நீலக் கார். வெளியூர்ப் பெரியவர் ஒருவர் ஓட்டி வந்தது. நாங்கள் சொன்ன மூன்றையும் செய்தார். தள்ளிப் பார்த்தோம், நகர்ந்தது. கல் கொடுத்தோம். போனவர் பாதி வழியில் திரும்பி வந்தார். கோயிலுக்குள் செல்போன் ஆகாது என்று யாரோ சொன்னார்களாம், அதைக் காரில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனார். அப்படி வந்தபோது, காலம் காலமாகப் பழகிய கை, அவர் சொல்லாமலே ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டது. பொறுப்பான டிரைவர் யாரும் செய்கிற காரியம்தான். எங்கள் மனையில் மட்டும் அது தப்பு.

வெயில் ஏறிய நேரத்தில் பின்வரிசையில் மூன்று குடும்பங்கள் கிளம்ப வந்தன. நானும் அன்வரும் நீலக் காரில் கை வைத்துத் தள்ளினோம். மலையைத் தள்ளின மாதிரி இருந்தது. டோக்கனில் குறித்து வைத்திருந்த அவருடைய போன் நம்பருக்கு அன்வர் போன் போட்டார். காருக்குள்ளேயே போன் அடித்தது. அன்வர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, "சார் உள்ளதான் இருக்காரு. எடுக்கத்தான் மாட்டேங்கறாரு" என்றார்.

சிரிக்க நேரமில்லை. வாசல் அடைபட்டுவிட்டது. உள்ளே இருப்பது வெளியே போக முடியாது. வெளியே, ஏற்கெனவே "ஒரு ரவுண்டு" என்று அனுப்பிய கார்கள் எல்லாம் சுற்றி முடித்து ஒவ்வொன்றாகச் சந்துக்குள் வந்து வரிசை கட்டின. எல்லாவற்றிலும் இஞ்சின் ஓடுகிறது. இரண்டு பக்கமும் சுவர், காற்றுப் போக வழி இல்லை. ஹாரன் வேறு.

வசந்தா அக்கா கட்டுவதை நிறுத்திவிட்டார். அதுதான் என் கண்ணில் முதலில் பட்டது. அவர் கை நின்று நான் பார்த்ததில்லை. முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி இழுத்துக்கொண்டிருந்தார். பம்ப்பை வாயில் வைத்தார், மறுபடி வைத்தார். நெஞ்சிலிருந்து விசில் மாதிரி சத்தம்.

"அக்கா, எந்திரிங்க. உள்ள கொட்டகையில வந்து உக்காருங்க."

தலையை ஆட்டினார். விட்டு விட்டுச் சொன்னார்: "எந்திரிச்சா... எடம்... போயிரும்." சனிக்கிழமையில் அந்த மூலைக்குக் கண் வைத்தவர்கள் நிறையப் பேர்.

சரி, அக்கா எந்திரிக்க மாட்டார். அப்படியானால் புகைதான் எந்திரிக்க வேண்டும். நான் வரிசையில் முதல் காரின் கண்ணாடியைத் தட்டினேன்.

"சார், இஞ்சினை நிறுத்துங்க."

"எதுக்கு? எடம் குடுப்பியா மாட்டியா?"

"எடம் அப்புறம். முதல்ல நிறுத்துங்க. ஒரு ஆளு மூச்சுவிட முடியாம உக்காந்திருக்காங்க."

"ஏசி ஓடுதுய்யா. உள்ள கொழந்தை இருக்கு, வெயில் பாத்தியா?"

பின்சீட்டில் உங்கள் வயதில் ஒரு பெண் இருந்தாள். அக்காவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். தன் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டாள்.

"ஏய், ஏசி வெளிய போகுது, ஏத்து."

"மாட்டேன்ப்பா."

"ஏத்துன்னா ஏத்து!"

அவள் ஏற்றவில்லை. வெயிலும் புகையும் உள்ளே வந்தன. ஓடியும் பயனில்லாத ஏசியை வைத்துக்கொண்டு மனிதர் என்ன செய்வார்? சாவியைத் திருப்பினார். இஞ்சின் நின்றது. அவர் நிறுத்தியதைக் காட்டியே அடுத்த காரை நிறுத்தவைத்தேன், அடுத்ததைக் காட்டி அதற்கு அடுத்ததை. திட்டாதவர் இல்லை. ஒருவர், "நீ என்ன கலெக்டரா?" என்றார். "இல்ல சார், காரு தள்றவன். நிறுத்துங்க" என்றேன்.

அப்புறம் கொட்டகைக்கு ஓடினேன். அங்கே ஒரு தகரப் போர்டு சுவரைப் பார்த்துச் சாய்ந்து கிடந்தது. "இடமில்லை" என்று சுண்ணாம்பில் எழுதியது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதை யாரும் வெளியே எடுத்ததில்லை. பின்பக்கம் சிலந்தி கூடு கட்டியிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருமுனையில், சித்திரை வீதியிலிருந்து திரும்புகிற இடத்தில் நிறுத்தினேன். அங்கிருந்த ஆட்டோக்காரர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். கடைசியில் நின்ற காரிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் எடுத்து வெளியே விட்டோம். "எடமில்லை சார். சுத்தாதீங்க, சுத்தினாலும் வராது. கொள்ளிடக்கரைத் திடலுக்குப் போயிட்டு நடந்து வாங்க." சொல்லச் சொல்ல எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "இல்லை" என்ற வார்த்தை என் வாயிலிருந்து இவ்வளவு சுலபமாக வருமா?

சந்து காலியானதும் ஆட்டோக்காரர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நீலக் காரிடம் வந்தேன். ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தைத்தான். கியர் நியூட்ரலில் இருந்ததால் முன்சக்கரம் சும்மா சுழலும். பின்பக்கத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால் கைவண்டி மாதிரி உருட்டிவிடலாம். ஆளுக்கு ஒரு பக்கம் குனிந்து பிடித்தோம்.

"பம்பரைப் பிடிக்காதீங்க, கழண்டு வந்துடும். அடியில கை குடுங்க" என்று பின்னால் ஒரு குரல். சத்தமில்லாத குரல். கோபால்சாமி சார்.

எப்போது வந்தார் என்று தெரியவில்லை. தெருமுனைப் போர்டைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். தூக்கினோம், உருட்டினோம், சுவரோரமாக இறக்கினோம். மூன்று குடும்பங்களும் வெளியே போயின. அப்புறம்தான் சார் கேட்டார்.

"போர்டை யாருங்க எடுத்தது?"

"நான்தான் சார்."

"எத்தனை வண்டிங்க திருப்பி விட்டீங்க?"

"வந்ததை எல்லாம் சார்."

"அப்படிங்களா."

அன்வர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் நான் ஏற்கெனவே வேலையை விட்டுப் போயிருந்தேன்.

"நாளைக்கு நீங்க வரவேண்டாம்ங்க மாணிக்கம்."

அந்த நேரத்தில் எனக்கு இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் மிஸ் அதில் ஒருத்தி. அது எனக்கு நினைவில் இருந்தது. இருந்தும் வாய் நிற்கவில்லை.

"வருவேன் சார்."

"வந்து?"

"போர்டு பக்கத்துல நிப்பேன். எடமிருந்தா வாங்கன்னு கூப்புடுவேன், இல்லேன்னா இல்லைன்னு சொல்லுவேன். ரவுண்டு அடிங்கன்னு மட்டும் இனிமே என் வாயில வராது. நெறைஞ்ச கொடத்துல ஊத்தினா கொடமா சார் பெருசாகும்? ஊத்துறது பூரா இந்தக்கா தலையில வடியுது."

சார் வசந்தா அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்காவுக்கு இப்போதுதான் மூச்சு ஒழுங்குக்கு வந்திருந்தது. கை பூவுக்குப் போயிருந்தது.

"என்னா சார் பாக்குறீங்க?" என்றார் அக்கா. "பூ வேணுமா?"

அவர் திரும்பி நடந்தார்.

மறுநாள் அதே ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போனேன். காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருமுனையில் போர்டோடு நின்றேன். என் இடத்துக்குப் புதிதாக யாரும் வந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆள் கிடைக்காமல் இருந்திருக்கலாம், அவர் மனதில் வேறு ஏதாவது இருந்திருக்கலாம். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்று முழுக்க என்னைக் கடந்து போனபோதெல்லாம் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. சாயங்காலம் பக்கத்தில் வந்து நின்றார்.

"சுண்ணாம்பு மழையில அழிஞ்சிடுங்க. பெயிண்ட்ல எழுதிக்கங்க" என்றார்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து என் முழங்கால் விட்டுப் போகும்வரை அந்தப் போர்டு தெருமுனையில் நின்றது. மனை ஒன்றும் காய்ந்து போகவில்லை. நிறைகிற நாளில் நிறைந்துகொண்டுதான் இருந்தது. திடலிலிருந்து நடந்து வருகிறவர்கள் என்னைத் திட்டியபடி கடந்து போவார்கள், நானும் கும்பிட்டபடி நிற்பேன். அக்காவின் மூச்சு முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். பம்ப் இன்னும் இடுப்பில் இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போவது குறைந்தது. துணி அலசிய தண்ணீரும் கரி நிறத்திலிருந்து வெளிறியது. தேர் அன்று வந்த தண்ணீர் மாதிரி ஒருநாளும் ஆகவில்லை. எங்கள் சந்து ஒன்றில்தானே போர்டு வைத்தோம்?

இதையெல்லாம் இப்போது எழுத வேறொரு காரணமும் உண்டு. என் இடத்தில் வேலை பார்க்கிற கார்த்தி போன மாதம் போன் செய்தான். மனை வாசலில் காரை மறிக்கிற கம்பி ஏறி இறங்குகிற மெஷின் வந்துவிட்டதாம். எங்கே இடம் காலி என்று செல்போனிலேயே காட்டுகிறதாம். "அண்ணே, இனிமே போர்டு எதுக்கு? எடைக்குப் போட்டுடலாமா?" என்று கேட்டான்.

"போன்ல ஒரு எடம் காலின்னு காட்டுனா எத்தனை வண்டி வருது?"

"அது வருதுண்ணே, ஏழெட்டு ஒண்ணா வந்துடுது. ஒண்ணு நின்னுக்கும்."

"மத்தது?"

"சுத்துது" என்றான்.

"அப்ப போர்டுல கை வைக்காதே."

அவன் இன்னொன்றும் சொன்னான். சந்தின் அகலத்தைக் கூட்டினால் கார்கள் சுலபமாகத் திரும்பும் என்று யாரோ பேசுகிறார்களாம். இரண்டு பேர் டேப்போடு வந்து அக்கா உட்கார்ந்திருக்கிற மூலையை அளந்துவிட்டுப் போனார்களாம்.

அடுத்த நாளே பஸ் ஏறினேன். முழங்கால் வலித்தது, வலிக்கட்டும். அக்கா அதே சாக்கில், அதே மூலையில் இருந்தார். முடி முழுக்க வெளுத்துவிட்டது. கை நிற்கவில்லை. பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் என் முகத்துக்கு நேரே ஒரு கார் வந்து நின்றது. சூடான புகை கன்னத்தில் அடித்தது. கண்ணாடி இறங்கியது. "பெரியவரே, உள்ள எடம் இருக்கா?"

"முதல்ல இஞ்சினை நிறுத்துங்க. அப்புறம் சொல்றேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. நிறுத்தினார். மனை நிறைந்திருந்தது, நானும் சொன்னேன்: "இல்லை."

கார் பின்னால் போனதும் அக்காவைக் கேட்டேன். "அளந்துட்டுப் போனாங்களாமே அக்கா? என்ன செய்யப் போறீங்க?"

அக்கா நாரைப் பல்லில் கடித்து அறுத்தார். முடிச்சு போட்டார்.

"அளக்கட்டும்யா. நீளம் அளந்தானுங்க, அகலம் அளந்தானுங்க. திரும்பி வருவானுங்கள்ல? இங்க என் பக்கத்துல உக்காந்து, காரு நிக்கறப்ப என் மூக்கு எந்த ஒசரத்துல இருக்குதுன்னு அதையும் அளந்து எழுதிக்கிட்டுப் போகச் சொல்லப் போறேன். அதுவரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."